இறம்பொடை வளைவில் ஜீவராணியின் வேன்

அக்கரப்பத்தனையில் பதினொரு வருடம் ஆட்டோ ஓட்டிய ஜீவராணி, சொந்தமாக வேன் வாங்கிப் போன முதல் கலியாணச் சவாரி அது. மாப்பிள்ளை தனுஷனோடு சொந்தக்காரர்கள் பத்துப் பேர், ஒருவர் மடியில் மேளம். பாட்டும் கைதட்டலுமாக வேனே குலுங்கியது.

இறம்பொடைக்கு முன்னால், மழையில் ஊறிய இடது வளைவில் வேனின் பின்பக்கம் பள்ளத்தை நோக்கி வழுக்கியது. ஜீவராணி ஸ்டியரிங்கை ரோட்டுப் பக்கமே இறுகப் பிடித்தாள். டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு மினுக்கியது. காலடியில் கடகடவென்று சத்தம். அடுத்த நொடி வேன் நல்ல பிள்ளையாக நிமிர்ந்தது.

மேளம் நின்றுபோனது.

"என்னா தங்கச்சி நடந்துச்சு?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா வீரய்யா.

"நான் திருப்புறது ஒரு பக்கம், வேன் சுத்துறது ஒரு பக்கம்னு உள்ள இருக்குற சென்சர் கண்டுபிடிச்சிருச்சுங்க அண்ணே. ஒடனே முன்னால வலது வீலுக்கு மட்டும் பிரேக் புடிச்சு, எஞ்சின் வேகத்தையும் கொறைச்சு, நேராக்கிருச்சு."

"நீ பிரேக்க மிதிக்கலியா?"

"இல்லீங்க. ஆனா ரொம்ப வேகமாப் போனா அதாலயும் காப்பாத்த ஏலாது."

"அக்கா, அந்தச் சாமான எனக்கும் ஒன்னு பூட்டி விடுங்க. நாளையிலேருந்து தேவப்படும்!" என்று பின்னாலிருந்து கத்தினான் தனுஷன்.

வேனே வெடித்துச் சிரித்தது. கண்ணில் நீர் வழிய ஜீவராணியும் சிரித்தாள். மிச்ச வளைவுகளில் வேன் ஆமையாக ஊர்ந்தது. பயணிகள் முன் ஒரு நாளும் பாடாதவள், அன்று எல்லாரையும்விடச் சத்தமாகப் பாடினாள்.