வெட்டிப்போட்ட ஒம்போதடிக் குழாய்

பம்பு மூணாவது நாளும் ஏர் புடிச்சு, தண்ணி இழுக்காம நின்னுருச்சுங்க. தொட்டி நெறைய உசுரோட நண்டு, ஒவ்வொண்ணும் சாப்பாட்டுத் தட்டம் அகலம். கடல் தண்ணி ஓடிட்டே இருந்தாத்தான் அதுக பொழைக்கும்.

சிவம் ஓடி வந்தாரு. யாழ்ப்பாணத்துக்காரரு, அந்த மீன் கம்பெனில சூப்பர்வைசரு. நம்ம பம்ப வாங்கச் சொல்லி அங்க பேசுனதே அவருதான்.

"அண்ணை, இண்டைக்கும் நிண்டால் நண்டு தப்பாது. பிறகு உங்கட பம்பையும் என்னையும் சேர்த்துத்தான் அனுப்புவாங்கள்."

நார்வே நாட்டுல வடக்குக் கோடி, கடலோரப் பட்டணம். பேரு எனக்கு வாயில நொழையாது. ஆனி மாசம், சொட்டரு போட்டும் நடுங்குது. சூரியன் எறங்கவே மாட்டீங்குது. எப்பத் தூங்கறது, எப்பச் சாப்புடறதுன்னே தெரியல. வால்பாறைக் குளுரெல்லாம் இதுக்கு முன்னால ஒண்ணுமே இல்லீங்க. வால்பாறைல எஸ்டேட்டுக்கு ஒருக்கா பம்பு மாட்டப் போயி, பஸ்ஸுல வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தேன். அது கெடக்குது.

இந்த ஒரு பம்பு நல்லா ஓடுனா இன்னும் பன்னண்டு எடுக்கறேன்னு சொல்லியிருந்தாங்க. ஊருல பம்பு செய்யற நம்ம மொதலாளிக்கு மொத வெளிநாட்டு ஆர்டரு. அதுக்குத்தான் நாப்பது வருச பிட்டரு என்னைய அனுப்புனாரு.

போன அன்னைக்கே ஒரு வேலை செஞ்சேன். பம்பு ரூமு கடலுக்கு மேல பலகை மேடைல இருக்குது. பழைய குழாய் பலகை ஓட்டை வழியா கீழ போகுது. கயித்துல ஒரு இரும்பு நட்டக் கட்டி உட்டுப் பாத்தேன். தாராபுரம் பக்கம் எத்தன கெணறு இப்புடி அளந்திருப்பேன்! தண்ணி கிட்டக்கவே நிக்குது, குழாயி வீணா ஆழத்துல கெடக்குது. இரும்பு அறுக்கற ஆக்ஸா பிளேட எடுத்தேன்.

சிவம் கேட்டாரு: "அண்ணை, வெட்டத்தான் வேணுமோ?"

"ஏனுங்க, தேவையில்லாத நீளம் மோட்டாருக்குச் சொமைங்க. நாப்பது வருசமாக் கெணறு பாக்கறேன்."

"ஓம், உங்களுக்குத் தெரியும்தானே," ன்னு போயிட்டாரு. ஒம்போதடிய அறுத்து, அடில தண்ணி உறிஞ்சற புட் வால்வ மேல மாட்டிப்போட்டேன்.

அடுத்த நாள் காலைல பத்து மணிக்கு ஏர் புடிச்சுது. கேஸ்கட்டு மாத்தி, தண்ணி ஊத்தி, நட்டு முறுக்கி முடிக்கறப்ப ஒரு மணி. ஜம்முனு ஓடுச்சு. பாத்தீங்களான்னேன். அதுக்கடுத்த நாள் பதினொண்ணுக்கு நின்னுச்சு. தண்டுல காத்து நொழையாம அடைக்கற கிளாண்டு கயிறு மாத்துனேன், மத்தியானம் ஓடுச்சு. மூணாவது நாள் பன்னண்டுக்குப் பக்கம். பேய் புடிச்ச பம்பாட்ட ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளி நிக்குது!

மொதலாளிக்குப் போனப் போட்டு, "பம்பு வார்த்த காஸ்டிங்குல ஓட்டைங்க, உங்க பவுண்டரி ஆளுகள வையுங்க"ன்னு கத்திப்போட்டேன்.

"மத்த பம்பு வேலையெல்லாம் நிறுத்தி வெச்சுட்டு வையறனுங்க," ன்னாரு, பாவம்.

எரிச்சல்ல பலகை ஓட்டைல குனிஞ்சு பாத்தேன். தண்ணியக் காணோம். பாசி புடிச்ச பாறையும் சேறும் தெரியுது. என்ற புட் வால்வு அந்தரத்துல தொங்குது.

"சிவம்! கடலு எங்கீங்க போச்சு?"

அவரு என்னைய ஒரு மாதிரி பாத்தாரு. "இப்ப வத்து அண்ணை, கடல் இறங்கிற நேரம். ஒரு நாளைக்கு ரெண்டு தரம் இறங்கும், ரெண்டு தரம் ஏறும். இந்த நாளில பகல் வத்துத்தான் கூட, இரவு அவ்வளவு இறங்காது. நேரமும் நாளுக்கு நாள் கொஞ்சம் பிந்தும். உங்கட ஊரில கடல் இல்லையோ?"

இல்லீங்க. எங்கூருக் கெணத்துத் தண்ணி எறங்கவே ஆறு மாசமாகும். அதுவும் எறங்குனா ஏறவே ஏறாது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லங்க?"

"நாப்பது வருசம் எண்டு சொன்னீங்கள். அதுக்கு மேல நான் என்னத்தைச் சொல்ல?"

வெட்டுன துண்டு பழைய இரும்போட கெடந்துது. நானே தோள்ல தூக்கியாந்து, கப்ளிங்கு போட்டுச் சேத்துனேன். அதோட சரி, பம்பு நிக்கல. நண்டு பொழைச்சுது, சிவமும் பொழைச்சாரு. மொதலாளிகிட்ட, "ஓட்டை காஸ்டிங்குல இல்லீங்க, என்ற மண்டைலதானுங்க"ன்னு சொன்னேன். நிறுத்துன வேலைய மறுபடி தொடங்கச் சொல்லிட்டுப் போன வெச்சுட்டாரு.

புதுசா வேலைக்கு வர்றவங்களுக்கு ஒண்ணு சொல்றனுங்க. பழைய குழாய் நீளமா இருந்தா, வெச்சவன் கேனையன்னு நெனைக்காதீங்க. எதுக்கு வெச்சான்னு அந்த ஊருக்காரங்களக் கேட்டுப்போட்டு ஆக்ஸாவ எடுங்க.

அப்பறமேட்டுப் பன்னண்டு பம்பும் போச்சு. ஒவ்வொரு பொட்டிலயும் மொதலாளி சொல்லி இங்கிலீசுல ஒரு சீட்டு ஒட்டுனாங்க. என்ன எழுதியிருக்குதுன்னு நான் யாருகிட்டயும் படிக்கச் சொல்லிக் கேக்கல. ஆக்ஸா பிளேடு படத்து மேல பெருக்கல் குறி போட்டிருந்துதுங்க.