டெகுவைப் பார்க்க வராதீர்கள்

முதல் அறிகுறி, அது சாப்பிடாதது அல்ல. கண்ணை மூடிக்கொண்டிருந்தது. நல்ல வெளிச்சத்தில், ஆள் பக்கத்தில் நிற்கும்போதே, இரண்டு கண்களையும் இறுக மூடிக்கொண்டு கண்ணாடித் தொட்டியின் மூலையில் முகத்தை அழுத்தி வைத்திருந்தது. "பயணக் களைப்பா இருக்கும்" என்றார் என் கணவர். சென்னையிலிருந்து சங்கரன்கோவில் வரைக்கும் பிரியாணி டப்பா அளவுள்ள பெட்டிக்குள் வைத்து பஸ் பார்சலில் அனுப்பினால் யாருக்குத்தான் களைப்பு வராது.

புதிதாக ஒரு டெகுக் குட்டியைக் கொண்டுவந்து, அது வாயைத் திறக்காமல் கிடப்பதைப் பார்த்துப் பதறிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். டெகு என்பது தென்னமெரிக்கப் பல்லி. உடும்பு அளவுக்கு வளரும். குட்டியில் தலை மட்டும் இளம்பச்சையாக இருக்கும். அது எங்கள் வீட்டுக்கு வந்த காரணத்தையும் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் என் கோபம் உங்களுக்கு விளங்காது.

எனக்கு இரண்டாவது முறையும் கரு கலைந்திருந்தது. திருநெல்வேலியில் டி அண்ட் சி (கருப்பைக்குள் தங்கியதைச் சுரண்டிச் சுத்தம் செய்வது) முடிந்து வீட்டில் படுத்திருந்தேன். கணவர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிறார். நான் சுவரையே பார்த்துக்கொண்டு கிடந்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. ஏதோ வீடியோவில் பார்த்து இதை வரவழைத்துவிட்டார்.

"ஏட்டி, நாய்க்குட்டி மாதிரி மடியில வந்து படுக்குமாம். உனக்கும் பொழுது போவும்லா."

பிள்ளை போன வீட்டுக்குப் பல்லி. கைக்கு எட்டும் தூரத்தில் தலையணை மட்டும்தான் இருந்தது. அதை எடுத்து அவர் மேல் எறிந்தேன்.

எதைப் போட்டாலும் சாப்பிடும் என்று சொல்லி அந்தச் சென்னைக்காரன் விற்றிருக்கிறான். நாங்கள் எதைப் போட்டும் அது சாப்பிடவில்லை. கோழி ஈரல், கரப்பான் பூச்சி, அவித்த முட்டை, எல்லாம் வைத்த இடத்திலேயே காய்ந்தன. விற்றவனை அழைத்தால் போனை எடுக்கவில்லை. பல்லி எனக்கு வேண்டாம் என்று கத்தியவள் நான்தான். ஆனால் அதன் இடுப்பெலும்பு துருத்திக்கொண்டு வந்ததும் படுக்கையை அந்த அறைக்கே மாற்றிக்கொண்டேன். இன்னொன்று என் கையில் சாகக் கூடாது. அப்போது எனக்கு இருந்தது அந்த ஒரே எண்ணம்தான்.

ஊர் கால்நடை மருத்துவர் நல்ல மனிதர். தொட்டியை எட்டிப் பார்த்ததுமே கையை விரித்துவிட்டார். "நான் ஆடு மாடு பாக்குதவம்மா. தெரியாம ஊசி போட்டேன்னா அது என் பேரச் சொல்லிச் செத்துப்போவும்" என்று சொல்லி, இத்தகைய பிராணிகளைப் பார்க்கும் மதுரை டாக்டர் ஒருவரின் எண்ணைத் தந்தார்.

அவர் ஒரு பெண். வீடியோவில் பார்த்துவிட்டு, நீரிழப்பு (உடம்பில் தண்ணீர் வற்றிப்போவது) என்றார். கால் நடுங்குவதால் எலும்பு மென்மை நோய் (சுண்ணாம்புச் சத்தும் வெயிலும் கிடைக்காமல் எலும்பு இளகுவது) தொடங்கியிருக்கலாம் என்றார். வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார வைக்க வேண்டும். புற ஊதா விளக்கு (எலும்புக்குத் தேவையான வெயிலின் ஒளியைத் தருவது) வேண்டும். உணவின் மேல் கால்சியம் தூள் தூவ வேண்டும். எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் கேட்டார்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் வந்து பாக்கிறாங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் பற்றி அந்தக் கேள்வியை எந்த டாக்டரும் கேட்டதில்லை.

வந்தார்கள். தெருவே வந்தது. சாத்துக்குடியும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தவர்கள், என்னைப் பார்த்து முடித்ததும் அதைப் பார்த்தார்கள். கண்ணாடியைத் தட்டினார்கள். ஃபிளாஷ் போட்டுப் படம் எடுத்தார்கள். "உடும்பு வளத்தா கேஸாயிரும் தெரியும்லா" என்றார் ஒருவர். அது உடும்பு இல்லை, காகிதமெல்லாம் இருக்கிறது என்றால், "அப்பம் இதுக்க நெய்யி மூட்டுவலிக்குக் கேக்குமா?" என்று அடுத்த கேள்வி. என் மாமியாரோ, புற்றுக்குப் பால் ஊற்றும் ஊர்க்காரர். தொட்டிக்குள் ஒரு கிண்ணத்தில் பால் வைத்துவிட்டார். தாகத்தில் அதை நக்கிக் குடித்த குட்டிக்குக் கழிச்சல் பிடித்துக்கொண்டது. தயவுசெய்து பால் வைக்காதீர்கள். பாலைச் செரிக்கும் வயிறு அவற்றுக்குக் கிடையாது.

"பசி இருக்கு. பயம் அதை அமுக்கி வச்சிருக்கு" என்றார் டாக்டர். தொட்டியைத் துணி போட்டு மூடச் சொன்னார். யாரும் பார்க்கக் கூடாது, நானும்தான். உணவை வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். என் பழைய சேலை ஒன்றை நாலாக மடித்துப் போட்டேன். எங்கள் தெருவில் ஒன்றை மூடி வைத்தால் அதைத் திறந்து பார்ப்பது கடமை. வந்தவர்கள் எல்லோரும் என் கண்முன்னே சேலையைத் தூக்கினார்கள். படுத்துக்கொண்டே பல்லைக் கடித்தேன். பெரியவர்களை எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்த வாய்.

ஒருநாள் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மாமியாரின் அக்கா வந்தார். அவர்கள் வயல் வரப்பில் இருக்கும் புற்றை வெட்டி, உரச் சாக்கில் பாதி அளவு மண் கொண்டுவந்திருந்தார்.

"ஒரு மண்டலத்துக்கு இத வயித்துல பத்துப் போடு. நாகதோசம்லாம் கழிஞ்சிரும்" என்றவர், ஒரு கையால் என் அடிவயிற்றை அழுத்திப் பார்த்தார். மறுகையால் தொட்டியின் மேல் கிடந்த சேலையை விலக்கினார். "ரெண்டும் வாடிப்போயில்லா கெடக்கு" என்றார்.

நான் எழுந்தேன். வலியெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. சாக்கைத் தூக்கி, இருந்த மண் அத்தனையையும் தொட்டிக்குள் கவிழ்த்தேன். புழுதி பறந்தது. செம்புத் தண்ணீரையும் அதன்மேல் ஊற்றினேன்.

"கழிச்சாச்சு. எல்லாரும் வெளிய போங்க."

"ஏட்டி, பெரியவுகட்ட இப்பிடியா பேசுவாக?" என்றார் மாமியார்.

"நீங்களும்தான் அத்தை. போங்க."

கதவைச் சாத்தியபிறகுதான் உறைத்தது. தொட்டியில் குட்டியைக் காணவில்லை. மூலையில் வால்நுனி மட்டும் தெரிந்தது, அதுவும் மண்ணுக்குள் போய்விட்டது. புதைத்துவிட்டேன் என்று நினைத்தேன். முந்தைய இரண்டும் என் பிழையில்லை என்று டாக்டர்கள் சொன்னார்கள். இதை நானே என் கையால் செய்துவிட்டேன். மதுரைக்குப் போன் போட்டேன்.

"தோண்டாதீங்க" என்றார் டாக்டர். "அது மண்ணுக்குள்ள பூந்துக்கிற ஜீவன். தானாத்தான் உள்ள போயிருக்கும். இவ்வளவு நாள் எதுல வச்சிருந்தீங்க?"

"பேப்பர் விரிச்சு."

"நான் முதல்லயே கேட்டிருக்கணும்" என்றார்.

உடைத்த முட்டை ஒன்றைக் கிண்ணத்தில் வைத்துச் சேலையைப் போட்டு மூடினேன். அறைக்குள் யாரையும் விடவில்லை. கணவர் கதவுக்கு வெளியிலிருந்தே சோறு கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் உச்சிவெயிலில் சேலைக்குள் சரசரவென்று சத்தம். நான் பார்க்கவில்லை. சத்தம் அடங்கி வெகுநேரம் கழித்துத் துணியை விலக்கினேன். கிண்ணம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. விளிம்பில் மட்டும் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது. தரையில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன்.

செய்தி தெருவுக்குப் போயிற்று. புற்றுமண்ணும் முட்டையும், எல்லாம் நாகராசா கிருபை என்றார்கள். எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது. அதற்குக் கிடைத்தது ஒளிந்துகொள்ள ஓர் இடம். அவ்வளவுதான். கல்யாணமான நாள்முதல் நானும் கோயிலில் தரும் புற்றுமண்ணை நம்பிக்கையோடு நெற்றியில் இட்டு, வாயிலும் போட்டுக்கொண்டவள்தான். சாமியோடு எனக்கு வழக்கில்லை. சாமி பேரைச் சொல்லிக்கொண்டு கேட்காமல் என் வயிற்றைத் தொடுகிறவர்களோடுதான் வழக்கு.

ஆகவே, தொட்டியில் மண்ணை ஆழமாகப் போடுங்கள், ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வாயைப் பிளந்து ஊட்டாதீர்கள். பார்க்க வருகிறவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். கெட்ட பெயர்தான் வரும், வந்தால் வந்துவிட்டுப் போகட்டும்.

நாளாக ஆக அது என் மடிக்கு வரத் தொடங்கியது. வரும்போது சில்லென்று இருக்கும், கொஞ்ச நேரத்தில் என் சூட்டை வாங்கிக்கொள்ளும். என் வயிற்றுக்கு இன்னும் சூடு இருக்கிறது என்பது எனக்கு அப்படித்தான் தெரிந்தது. முன்பெல்லாம் என் நாட்கள் தள்ளிப்போன தேதி, ஸ்கேன் தேதி என்றே நகர்ந்தன. அதை வெயிலில் விட்டுப் பழகியதில், இப்போது வெயில் அடுக்களை ஜன்னலிலிருந்து தரையின் எந்தக் கல்லுக்கு நகர்ந்திருக்கிறது என்பதை உள்ளங்கையால் தொட்டுப் பார்க்கிறேன்.

கார்த்திகை மழை பிடித்ததும் அது மண்ணுக்குள் போய்விட்டது. குளிர்த்துயில் (குளிரில் உடம்பை அடக்கிக்கொண்டு உண்ணாமல் கிடப்பது) என்று டாக்டர் பார்த்துச் சொல்லியிருக்கிறார். நான் பதறவில்லை. எழும்போது எழட்டும்.

போன வாரம் கரிவலத்திலிருந்து மாமியாரின் அக்கா மறுபடி வந்திருந்தார். நான் அறைக்குள் தரையில் கண்ணை மூடிப் படுத்திருந்தேன், உறங்கவில்லை. வாசலில் மாமியார் நாற்காலியைக் குறுக்கே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"உறங்குது. இப்பம் பாக்க முடியாதுக்கா."

"எது, அந்தப் பல்லியா? உம் மருமவளா?"

"ரெண்டுந்தான்" என்றார் மாமியார். "நீங்க இங்கன உக்காந்து காப்பியக் குடிச்சிட்டுப் போங்க."