பொட்டு அழியாத சக்கரம்

என் பிக்கப்புக்கு அகலமான டயர் போட்ட பிறகு, வளைவில் திரும்பும்போதெல்லாம் அது உள்பக்கம் உரசியது. தானா ராத்தா டவுனில் ஒரு பட்டறையில் முன்சக்கரங்களுக்கு ஸ்பேசர் மாட்டினேன். சக்கரத்துக்கும் அச்சுக்கும் நடுவில் வைக்கும் தடித்த உலோக வட்டு அது. சக்கரத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிவிடும். அதை அச்சோடு பிடிக்கும் நட்டுகள் சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும். “நாளைக்கு கொண்டாங்கண்ணே. ஓடினா உள் நட்டு தளரும், டயர கழட்டி இன்னொரு தடவ முறுக்கணும். மறந்துடாதீங்க லா” என்றார் மெக்கானிக்.

மறுநாள் காலை அக்கா வண்டிக்குப் பூஜை போட்டாள். எங்கள் தேயிலைத் தோட்டத்தில் வண்டிக்குப் புதிதாக எதை மாட்டினாலும் எல்லை முனியாண்டியிடம் காட்டாமல் விடமாட்டார்கள். எலுமிச்சம்பழத்தை டயரில் நசுக்கி, வெளியே தெரிந்த ஒவ்வொரு நட்டுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். “மூணு நாளைக்கு வீல்ல யாரும் கை வைக்கப்படாது” என்றாள். மெக்கானிக் சொன்னது என் நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். பட்டறையில் அரைநாள் காத்துக் கிடக்கச் சோம்பல். சாமி நல்ல சாக்காகக் கிடைத்தார்.

அக்காவுக்கு கியா பார்ம் சந்தையில் ஒரு ஸ்ட்ராபெரிக் கடையில் வேலை. மூன்றாம் நாள் அவளை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். அவள் உட்கார்ந்திருந்த பக்கம் டக் டக் என்று கேட்டது.

“என்னடா சத்தம்?”

“ரோடு சரியில்லக்கா.”

தேயிலைச் சரிவின் வளைவில் வண்டி அவள் பக்கமாகச் சாய்ந்தது. எங்கள் சக்கரமே எங்களுக்கு முன்னால் உருண்டு போவதைப் பார்த்தேன். பிறகு கால்வாய், அக்காவின் அலறல்.

அவளுடைய இடது கால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியிருந்தது. செடிகளுக்குள் கிடந்த சக்கரத்தை மறுநாள் போய் எடுத்தேன். ஸ்பேசர் அதோடு ஒட்டிக்கொண்டே வந்திருந்தது. கழன்றவை உள் நட்டுகள். வெளி நட்டுகளில் பொட்டு அப்படியே இருந்தது. இன்றும் கண்ணை மூடினால் அந்தச் சிவப்பு தெரிகிறது. ஓட்டும்போது, இல்லாத டக் டக் காதில் விழுந்து நடுரோட்டில் நிறுத்துகிறேன். இறங்கி நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டு ஏறுகிறேன். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டுகிறார்கள்.

அக்கா என்னை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. “நான்தான் பூஜையில ஏதோ குறை வச்சிட்டேன், பழம் வாடியிருந்திச்சு” என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே, வருடாவருடம் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தில் எப்படி விழிப்பது என்று பயந்தேன். கோழை நான்.

இந்த வருடத் திருவிழாவிலும் எடுத்தாள். வெறுங்காலோடு, இடது காலை இழுத்து இழுத்து ஏற்றத்தில் நடந்தாள். நான் தண்ணீர்ப் போத்தலோடு பக்கத்தில் போனேன். கோயில் வாசலில் குடத்தை இறக்கிவிட்டு, என் தோளைப் பிடித்து மூச்சு வாங்கினாள்.

“சாமி மன்னிச்சிருக்குமாடா?”

“தெரியலக்கா” என்றேன்.

“அப்ப அடுத்த வருஷமும் எடுத்துடுறேன்” என்றாள்.