மேலச் சுவரில் ஓர் ஓட்டை

எங்கள் வீட்டில் என்னைவிட என் கம்ப்யூட்டருக்குத்தான் மரியாதை அதிகம். எனக்கு வேர்த்தால் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு வேர்க்காது. சூடு தாங்கவில்லை என்றால் சொல்லாமல் கொள்ளாமல் அணைந்துவிடும். அது அணைந்தால் நான் சென்னைக்குப் போக வேண்டும்.

ஏழு வருடம் சென்னையில் ஒரு வாடகை அறையில் இருந்தவன் நான். மனைவிக்கு, பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், ஏரலில் ஆசிரியை வேலை என்பதால் அவளும் மகளும் திருநெல்வேலியிலேயே இருந்தார்கள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரயிலேறுவேன், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்புவேன். நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே மகள், "எப்பப்பா போவீங்க?" என்று கேட்பாள். வருத்தமாகக் கேட்டிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். பால் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்பதுபோல் கேட்பாள். அதுதான் என்னைச் சுட்டது. ஆபீசில் கெஞ்சிக் கூத்தாடி, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்தேன்.

வேலை என்னவென்றால், எங்கோ இருக்கிறவர்களின் கம்ப்யூட்டர் மக்கர் செய்தால் இங்கிருந்தபடியே பேசிப் பேசிச் சரிசெய்து கொடுப்பது. ஊரார் கம்ப்யூட்டரை எல்லாம் நிமிர்த்துகிற எனக்கு என் காலடியில் இருப்பதை நிமிர்த்தத் தெரியவில்லை. கீழ்வீட்டில் டிவி சத்தம், மிக்ஸி சத்தம். அமைதியாகப் பேச இருந்த ஒரே இடம் மொட்டை மாடியில் தனியாக நிற்கும் ஓர் அறை. கிழக்கே ஒரு ஜன்னல், அதற்கு மேலே உயரத்தில் சிமெண்ட் ஜாலி, அவ்வளவுதான். சித்திரை மாதம் பதினோரு மணிக்கு மேல் அதன் சுவரைத் தொட்டால் தோசைக்கல்லைத் தொட்ட மாதிரி இருக்கும்.

ஏசி வாங்கிவிட்டால் தீர்ந்தது என்று சொல்லாதவர்கள் எங்கள் தெருவில் பாக்கி இல்லை. வாங்க முடிந்தால் நான் ஏன் ஐயா சாக்கை நனைத்து ஜன்னலில் கட்டிக்கொண்டிருக்கிறேன்? அறையின் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்தேன். அதன்மேல் தென்னை ஓலையைப் பரப்பினேன். கொஞ்சம் பலன் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கொஞ்சம் என்பது போதாது. மச்சான் ஓர் ஏர் கூலரைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். குளிர் வெளியே போய்விடக் கூடாதே என்று ஜன்னலை அடைத்துவிட்டு உட்கார்ந்தேன். நண்பகலுக்குள் அறை இட்லிக் கொப்பரை ஆகிவிட்டது. காகிதமெல்லாம் ஈரத்தில் துவண்டது. ஒரு பெரிய வாடிக்கையாளரிடம் பேசிக்கொண்டிருந்தபோது கம்ப்யூட்டர் அணைந்தது. அது முதல் தடவை.

இரண்டாவது தடவைக்குக் காரணம் ஒரு பல்லி. சிபியுவின் பக்கவாட்டுத் தகரத்தைக் கழற்றிவிட்டு டேபிள் ஃபேனை நேரே காட்டினால் நல்லது என்று யாரோ சொன்னார்கள், செய்தேன். திறந்து கிடந்த வழியாகப் பல்லி உள்ளே போய், அங்கே சுற்றும் சின்னக் காற்றாடியில் வாலைக் கொடுத்தது. காற்றாடி நின்றது, பத்து நிமிடத்தில் எல்லாம் நின்றது. மேலதிகாரி என்னிடம் கோபப்படவில்லை. மிகவும் மரியாதையாக, இன்னொரு தடவை இப்படி ஆனால் நீங்கள் சென்னைக்கே வந்துவிடலாம், இங்கே ஏசி இருக்கிறதே என்றார். பல்லி விஷயத்தை அவரிடம் எப்படிச் சொல்ல?

அன்று சாயங்காலம் நான் கீழே இறங்கியபோது, என் நீல நிறப் பயணப் பை கட்டிலருகே இருந்தது. நான் போனில் "சென்னைக்கா சார்?" என்று கேட்டது மகள் காதில் விழுந்திருக்கிறது, அவள்தான் பரணிலிருந்து எடுத்திருந்தாள். தூசியைக்கூடத் தட்டி வைத்திருந்தாள். அவள் அழவில்லை. பழகியிருந்தாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது, பிறகு என்மேல் வந்தது, கடைசியில் கம்ப்யூட்டர்மேல் போய் நின்றது.

மனைவிதான் வழி சொன்னாள். சூடான காற்று மேலேதான் போகும், அதனால் சுவரில் மேலே ஓர் ஓட்டை போட்டு, சூட்டை வெளியே தள்ளும் எக்ஸ்ஹாஸ்ட் ஃபேனை மாட்டலாம் என்றாள். மச்சான் வீட்டுச் சமையலறையில் கழற்றிய பழைய ஃபேன் ஒன்று இருந்தது. கொத்தனார் வந்தார். அவர் வந்த நேரம் நான் அழைப்பில் இருந்தேன். காதில் ஹெட்போன்.

"அண்ணாச்சி, ஓட்ட எங்கன போடணும்?" என்றார்.

மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "மேல" என்றேன்.

"மேலயா?"

"ஆமா, மேலதான்."

உளிச் சத்தம் கேட்டால் வாடிக்கையாளர் என்ன நினைப்பார் என்று அன்றைக்கு மட்டும் மச்சானிடம் இரவல் வாங்கிய லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கீழே போய்விட்டேன். வேலை முடிந்து வந்து பார்த்தால், மேற்குச் சுவரில், முழங்கால் உயரத்தில், வட்டமாக, அழகாக ஓர் ஓட்டை. ஃபேனையும் மாட்டிப் பூசி முடித்திருந்தார். தலையில் அடித்துக்கொண்டேன். மேலே என்றுதானே சொன்னேன் என்று கத்தினேன்.

"மேலச் செவுத்துலதான போட்டிருக்கு? ரெண்டு தடவ கேட்டம்லா. உயரத்துல வேணும்னா உசக்கன்னுல்லா சொல்லணும், அண்ணாச்சி."

 நான் பிறந்ததே மேலத்தெருவில். எங்கள் ஊரில் மேல என்றால் மேற்கு, உயரம் என்றால் உசக்க. ஏழு வருடச் சென்னை வாசத்தில் அந்தச் சொல்லைத் தொலைத்துவிட்டு வந்து, அவர்மேல் பாய்கிறேன். சரி, முழங்கால் உயரத்தில் ஏன் போட்டீர்கள் என்றேன். ஏணி வேண்டாம், உட்கார்ந்தபடியே துடைக்கலாம், லேசு என்றார். இன்னொரு ஓட்டை போட்டால் சுவர் தாங்காது என்று சொல்லிவிட்டு, மிச்ச மணலை வாசலிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார்.

வைகாசி முழுக்க அந்த ஓட்டை என் உயிரை எடுத்தது. சாயங்கால வெயில் அதன் வழியாக நுழைந்து, வேறு இடமே கிடைக்காத மாதிரி, நேராக சிபியுவின்மேல் போய் விழும். வெளியே ஒரு பாயைத் தொங்கவிட்டு, தினமும் கொத்தனாரைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். அவரைத் திட்டி முடித்ததும் என்னைத் திட்டிக்கொள்வேன்.

ஆனி பிறந்து சில நாட்கள் இருக்கும். மத்தியானம் தொடங்கிய ஓர் அழைப்பு மூன்று மணி நேரமாக முடியவில்லை. திரையின் மூலையில் சிபியுவின் சூட்டைக் காட்டும் எண் தொண்ணூறைத் தாண்டிவிட்டது. இன்னும் கொஞ்சம் ஏறினால் அணைந்துவிடும், மூன்றாவது தடவை. எக்ஸ்ஹாஸ்ட் ஃபேன் முனக ஆரம்பித்தது. வெளியே மேற்கிலிருந்து ஏதோ அதை எதிர்த்துத் தள்ளியது. தொங்கவிட்ட பாய் பறந்து போனது. கருகல் வாடை வந்து, ஃபேன் செத்தது. நான் வாடிக்கையாளரிடம் தேன் ஒழுகப் பேசிக்கொண்டே சுவிட்சை அணைத்துவிட்டு, முழங்காலிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் ஃபேனைப் பெயர்த்து எடுத்தேன்.

மேகாத்து உள்ளே வந்தது. குற்றாலத்துப் பக்கமிருந்து வரும் மேல்காற்று, சாரலின் ஈரத்தோடு, அந்த வட்டத்தின் வழியாக நேரே சிபியுவின்மேல் அடித்தது. மேசைக் காகிதமெல்லாம் பறந்தது. அறைக்குள் கிடந்த சூடு எதிர்ச்சுவரின் ஜாலி வழியாக வெளியேறியது. தொண்ணூறு எண்பதாகி, எழுபதாகி, அறுபத்தைந்தில் நின்றது. கொத்தனாரை ஒரு மாதம் திட்டியது வீண் என்று புரிந்தபோது எனக்குச் சந்தோஷத்தைவிட எரிச்சல்தான் வந்தது. பாவி மனிதர், இதையாவது சொல்லிவிட்டுப் போயிருக்கலாம்.

அழைப்பு முடியவில்லை. அதற்குள் தலைக்கு மேலே கூரையில் தடதடவென்று சத்தம். ஓலைகளைக் காற்று தூக்குகிறது என்று தெரிந்தது. நான் எழுந்து போக முடியாது. மனைவியின் குரலும் மகளின் குரலும் கேட்டன. வாளி மோதும் சத்தம் கேட்டது. யாரோ இரும்பு ஏணியில் பல தடவை ஏறி இறங்கினார்கள்.

வேலை முடிந்து வெளியே வந்து ஏணியில் ஏறினேன். ஓலைகள் ஒழுங்காக அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் நடுவே, பாரமாக, என் நீலப் பை உட்கார்ந்திருந்தது. கொத்தனார் விட்டுப்போன மணலை வாளி வாளியாகக் கொண்டுவந்து கொட்டி நிரப்பியிருந்தார்கள். ஜிப் மூடவில்லை. மேலே இருந்த மனைவி என்னைப் பார்க்காமல் கையில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டிருந்தாள். வேறு பை கிடைக்கவில்லையா என்று கேட்டேன். இதை நம் பிள்ளைதான் எடுத்துக்கொடுத்தாள் என்றாள்.

மகள் எனக்குப் பின்னால் ஏணியில் ஏறி வந்து எட்டிப் பார்த்தாள். "இனிமே இத யாராலயும் தூக்க முடியாதுப்பா" என்றாள்.

இந்தக் காற்று ஆவணியோடு நின்றுவிடும். புரட்டாசி வெயில் சித்திரையைத் தோற்கடிக்கும். அதெல்லாம் எனக்குத் தெரியும். குனிந்து பையின் பிடியைப் பற்றி இழுத்துப் பார்த்தேன். அசைந்தது, இன்னும் கொஞ்சம் மூச்சுப் பிடித்தால் தூக்கிவிடலாம். முடியவில்லை என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டேன்.