தென்றல் சொன்ன 'வேணாம்'

அருணாதேவி, திருவண்ணாமலை கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறார். மனு டைப் அடிப்பது, ஆன்லைனில் விண்ணப்பம் போடுவது எல்லாம் அவருக்குக் கைவந்த வேலை. மகள் தென்றலுக்கு ஆட்டிசம் என்று மூன்றரை வயதில் டாக்டர் சொன்னபோது நிறைய அழுதார். பிறகு, இதற்கும் எங்காவது ஒரு சாஃப்ட்வேர் இருக்கும், தேடிப் பிடித்துவிடலாம் என்று நம்பினார். தென்றலுக்கு அப்போது பேச்சு வரவில்லை.

ஒரு வருடத்தில் பதினேழு செயலிகளை டேப்லெட்டில் இறக்கிப் பார்த்தார். ஒன்றில் சரியான படத்தைத் தொட்டால் பலூன் வெடிக்கும், கைதட்டல் கேட்கும். முதல் நாளே தென்றல் காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போய்விட்டாள். மறுநாள் முதல் எல்லாவற்றையும் தப்பாகவே தொட்டாள். பிள்ளைக்கு ஒன்றும் புரியவில்லை என்றுதான் அருணாதேவி நினைத்தார். தப்பான படத்துக்குச் சத்தம் வராது, அதனால்தான் அதைத் தேடித் தேடித் தொடுகிறாள் என்று அவருக்கு உறைக்கவே இரண்டு வாரம் ஆனது. தமிழில் கிடைத்த ஒரே செயலி, 'நான் நீர் அருந்த விரும்புகிறேன்' என்று செய்தி வாசிப்பதுபோலச் சொன்னது.

"நம்ம வூட்ல யாரு இப்டி பேசுறாங்க?" என்றார் கணவர் கலையரசன். அவர் கீழ்பென்னாத்தூர் பக்கம் வேன் ஓட்டுகிறவர்.

பயிற்சி மையத்தில் தென்றலைப் பார்த்துக்கொள்ளும் தமிழ்செல்வி வேறொரு செயலியைக் காட்டினாள். அதில் நாமே போட்டோ எடுத்து, நம் குரலிலேயே பேசிப் பதியலாம். அருணாதேவி ஒரே ஞாயிற்றுக்கிழமையில் முப்பத்திரண்டு படம் ஏற்றினார். தென்றல் டேப்பைத் தள்ளிவிட்டாள்.

"ஜாஸ்தி வச்சிட்டீங்கக்கா. ரெண்டு போதும்," என்றாள் தமிழ்செல்வி.

தண்ணீரும் பிஸ்கட்டும் மட்டும் மிஞ்சின. எப்போதாவது அவற்றைத் தொட்டாள், அவ்வளவுதான்.

ஒரு நாள் காலையில் தலை வாரும்போது தென்றல் அம்மாவின் கையைத் தள்ளினாள். பிறகு வழக்கம்போலத் தன் தலையில் தானே ஓங்கி அடித்துக்கொண்டாள். அருணாதேவி சீப்பை வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். வேண்டியதைக் கேட்க இவளுக்கு வார்த்தை கொடுத்தோம். பிடிக்கவில்லை என்று சொல்ல ஒன்றுமே கொடுக்கவில்லையே! அங்கேயே தன் உள்ளங்கையைப் படம் எடுத்து, 'வேணாம்' என்று பேசிப் பதிந்தார்.

அடுத்த மூன்று நாள், மகள் கையைத் தள்ளும்போதெல்லாம் அருணாதேவியே அந்தப் படத்தைத் தொட்டுவிட்டுச் சீப்பைக் கீழே வைத்தார். நான்காம் நாள் தென்றலின் விரல் அதைத் தொட்டது. சீப்பு இறங்கியது. தென்றல் சீப்பைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், நிஜம்தானா என்பதுபோல இன்னொரு முறை தொட்டாள்.

அதன்பின் எல்லாமே வேணாம்தான். ரசம் சாதம், கழுத்தில் உறுத்தும் சட்டை, குளியல். வெள்ளிக்கிழமை கன்னத்தில் முத்தம் கொடுக்கக் குனிந்தபோதும், டேப்பிலிருந்து அருணாதேவியின் குரலே "வேணாம்" என்றது. அவர் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றார்.

"நல்லா சொல்லிக் குடுத்த போ. மொதல்ல அத எடுத்துடு," என்றார் கலையரசன்.

"எடுக்க மாட்டேங்க. இத்தினி நாளா இதத்தான் சொல்லினு இருந்திருக்கா. நமக்குத்தான் கேக்கல."

மருந்துக்கும் வேணாம் வந்தது. "தெரியுதும்மா. ஆனா இது குடிச்சிதான் ஆவணும்," என்று சொல்லிவிட்டே கொடுத்தார். மாதம் ஒன்று போவதற்குள் தலையில் அடித்துக்கொள்வது கம்மியானது.

தை மாதத்தில் அடி அண்ணாமலையில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்து. பந்தல் வாசலிலேயே பாட்டுப் பெட்டி அலறியது. கலையரசனின் தோளில் இருந்த தென்றல், அவர் கையில் பிடித்திருந்த டேப்பைத் தொட்டாள். அந்த இரைச்சலில் குரல் கேட்கவில்லை. படம் மட்டும் மின்னியது. அவர் பார்த்துவிட்டார்.

"இவ்ளோ தூரம் வந்துட்டு உள்ள வராம போறியேப்பா!" என்று உறவினர் கையைப் பிடித்தார்.

"கொழந்தைக்கு வேணாமாம், மாமா," என்றார் கலையரசன். அருணாதேவி மட்டும் உள்ளே போய் மொய் வைத்துவிட்டு, மூன்று இலைச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வந்தார். தூரத்தில் நிறுத்திய வேனுக்குள்ளேயே மூவரும் சாப்பிட்டார்கள்.

இப்போது மதிய இடைவேளையில், பேச்சு வராத பிள்ளைகளின் அம்மாக்கள் சிலர் போனைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருகிறார்கள். எந்த ஆப் நல்லது என்பதுதான் எல்லோருடைய கேள்வியும். "ஒங்க கொழந்தைக்கு எது புடிக்காதுன்னு ஒரு வாரம் பாத்துட்டு வாங்க. அப்புறம் ஒக்காந்து தேடலாம்," என்கிறார் அருணாதேவி. சிலர் திரும்பி வருவதில்லை.

தென்றலுக்கு ஐந்து வயது. டேப்பில் பதினொரு படங்கள் இருக்கின்றன. கடைசிப் படம் அவளே கேட்டது. அம்மாவின் கையை இழுத்துக்கொண்டு போய் வேனின் வைப்பர் மேல் வைத்தாள். ஏன் என்று யாருக்கும் தெரியாது. தினமும் காலையில் அந்தப் படத்தைத் தொடுகிறாள். கலையரசன் போய், காய்ந்த கண்ணாடியில் நாலு தரம் வைப்பரை ஓட்டிக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்.