மேய்ப்பருக்கு ஒரு குடை

லீதியா அக்கா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னவள் செல்வி. மழை விட்டிருந்த காலை அது. பால் வாங்கிக்கொண்டு மேனாம்பேடு திருப்பத்தில் தேங்கிய தண்ணீரைத் தாண்டி வந்துகொண்டிருந்தேன். செல்வி இரண்டாம் வகுப்புப் படிக்கிறவள். அவள் வீட்டார் நம் சபையைச் சேர்ந்தவர்கள் அல்ல. மே மாத விடுமுறையில் நாம் நடத்தும் வி.பி.எஸ். என்ற விடுமுறை வேதாகம வகுப்புக்கு மட்டும் தவறாமல் வருவாள்.

"அக்கா, களிமண்ணு டீச்சர் செத்துப்பூட்டாங்களாம்."

"யாருடி?"

"அதான்க்கா, களிமண்ணு டீச்சரு. மஞ்சக்காமாலையாம். எங்கம்மா சொல்லிச்சு." ஒரு காலால் தேங்கிய தண்ணீரை அளைந்தாள். "அப்ப லீவு வுட்டா யாரு நமக்குப் பொம்மை செய்யச் சொல்லிக் குடுப்பாங்க?"

அழுகை பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால், இனி அந்த விஷயம் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று ஒரு நிம்மதி எனக்குள் வந்து போனது. ஒரு நொடிதான். ஆனால் வந்தது. அக்காவுக்காக நான் எழுதும் இந்த நினைவஞ்சலியில் அதை மறைத்துவிட்டு வேறெதை எழுதினாலும் பொய்யாகிவிடும்.

நம் சபைப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு அவர்தான் வேதக்கதையை முதலில் சொன்னவர். இன்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை. மெல்லிய செம்புக் கம்பி அறுத்து அறுத்து விரல் நுனியெல்லாம் கோடு கோடாக இருக்கும். வருஷத்துக்கான லீவைச் சேர்த்துவைத்து மே மாதத்தில் வி.பி.எஸ்.ஸுக்காக எடுப்பார். மற்ற அக்காமார் ஃபிளானல் துணிப் பலகையில் படங்களை ஒட்டிக் கதை சொல்லி, மனப்பாட வசனம் ஒப்புவிக்க வைத்து அனுப்புவார்கள். லீதியா அக்காவுக்குக் கதை பாதிதான். மீதியைக் கை சொல்ல வேண்டும். நோவாவின் பேழை தீப்பெட்டியில் வரும். சகேயு ஏறிய மரம் முருங்கைக் குச்சியில் வரும்.

பாடத்தான் அவருக்கு வராது. ஆக்ஷன் பாட்டு என்றால் என்னை முன்னால் தள்ளிவிடுவார். "நீ பாடு பாப்பா. என் கொரலைக் கேட்டா தாவீது கோலியாத்தை வுட்டுட்டு என்மேல கல்லெறிவாரு" என்பார். பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரிப்பார்கள்.

நான் எட்டாம் வகுப்பு முடித்த விடுமுறையில் முதல்முறையாக அவருக்கு உதவியாக நின்றேன். காணாமல்போன ஆடு கதை. அட்டையில் வெட்டிய ஆட்டின்மேல் மைதாப் பசை தடவிப் பஞ்சு ஒட்ட வேண்டும். ஒரு குட்டிப் பையன் கையிலிருந்த பஞ்சு அத்தனையையும் ஆட்டின் முகத்திலேயே அப்பிவிட்டான். நான் பிய்த்துச் சரியாக ஒட்டப் போனேன். அக்கா என் கையைத் தட்டிவிட்டார்.

"ஒட்னது ஒட்னபடி இருக்கட்டும், உடு. ஆடு ஏன் காணாம போச்சுன்னு இப்பத்தானே தெரியுது. அதுக்குக் கண்ணு தெரியல."

அந்தப் பையன் அந்த ஆட்டைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடுவரை ஓடினான். பிள்ளைகள் செய்ததை அக்கா திருத்தி நான் பார்த்ததே இல்லை. பெரியவர்களைத் திருத்துவார். தாமதமாக வந்தால் நமக்கெல்லாம் நன்றாகத் திட்டு விழும்.

இனி இந்த மே மாதத்தில் நடந்தது. உங்களில் பலரும் அதை வேறு மாதிரி அறிந்திருக்கிறீர்கள்.

அன்று ஆண்டவரே நல்ல மேய்ப்பர் என்ற கதை. ஏரிக்கரைக் களிமண்ணை ஒரு வாளி நிறைய அக்கா சைக்கிளில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். பிள்ளைக்கு ஓர் ஆடு என்று பிசைந்து கொடுத்துவிட்டு, மேய்ப்பரைச் செய்யும் வேலையை என்னிடம் கொடுத்தார். பிறகு ஜூஸ் கரைக்கப் பின்பக்கம் போனார். எனக்குக் களிமண் வேலை அவ்வளவாக வராது. என் மேய்ப்பருக்குத் தொப்பை போட்டுவிட்டது. கோலைப் பிடித்திருந்த கை தும்பிக்கை மாதிரி வளைந்துவிட்டது. ஆடுகளுக்கு நடுவில் அவரை உட்காரவைத்தேன். செல்வி வந்து பார்த்தாள்.

"அக்கா, சாமிக்குக் கொடை எங்க?"

அவளுக்குத் தெரிந்த களிமண் சாமி எல்லாம் குடையோடுதான் வரும். பிள்ளையார் சதுர்த்திக்குப் பிள்ளையாரையும் குடையையும் சேர்த்துத்தானே அவள் வீட்டில் வாங்குகிறார்கள். குடை இல்லாமல் களிமண் சாமியை உட்காரவைக்கக் கூடாது என்று அவள் உண்மையாகவே கவலைப்பட்டாள். நான் சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். கிறிஸ்மஸுக்கு வாங்கி மிஞ்சிய ஜிகினாத் தாள் பெட்டியில் கிடந்தது. வட்டமாக வெட்டி, ஈர்க்குச்சியில் ஒட்டி, ஒரு குடை செய்து மேய்ப்பரின் தோளுக்குப் பின்னால் நானே குத்தினேன். எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. இன்னொருத்தி தலையிலிருந்த கனகாம்பரத்தை எடுத்து அவர் மடியில் வைத்தாள். பின்வரிசையில் இரண்டு பேர் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினார்கள். ஹால் முழுக்கச் சிரிப்பு.

அப்போதுதான் என் அப்பா உள்ளே வந்தார். அவர் நம் சபையின் செயலாளர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். வீட்டில் அவர் எப்படி என்பது எனக்கும் அம்மாவுக்கும் தெரியும்.

"ஆலயத்துக்குள்ள விக்கிரகமா? யாரு செஞ்சது இது?"

கத்தரிக்கோலைப் பாவாடை மடிப்புக்குள் மறைத்துக்கொண்டு நின்றேன். ஜூஸ் வாளியோடு உள்ளே வந்த அக்கா குடையைப் பார்த்தார், என் விரலில் ஒட்டியிருந்த ஜிகினாவைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார்.

"நான்தான் அண்ணே. பசங்க ஆசைப்பட்டாங்கன்னு செஞ்சேன். தப்புதான்."

"வேதத்தைப் படிச்சவதானேம்மா நீ?"

"தப்புதான் அண்ணே."

அப்பா குடையைப் பிடுங்கி ஒடித்தார். மேய்ப்பரைத் திரும்பக் களிமண் வாளியில் போட்டு அமுக்கினார். செல்வி ஓவென்று அழுதாள். மறுநாள் கைவேலை வகுப்பு வேறொருவர் கைக்குப் போயிற்று. கிறிஸ்மஸ் நாடகத்துக்கும் அக்காவைக் கூப்பிட வேண்டாம் என்று கமிட்டி முடிவெடுத்தது.

மறுநாள் அக்கா வரமாட்டார் என்று நினைத்தேன். வந்தார். வகுப்புக்கு வெளியே குழாயடியில் உட்கார்ந்து பிள்ளைகளின் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் நின்றேன்.

"அக்கா, அப்பாகிட்ட சொல்லிடட்டுமா?"

"அடிப்பாரா?"

"ம்."

அவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிக் கழுவினார். "பரவால்லடின்னு சொல்லணும்னுதான் பாக்கறேன். வர்ல. எனக்கும் கஷ்டமாத்தான் கீது. சொல்லாதன்னும் சொல்ல மாட்டேன், சொல்லுன்னும் சொல்ல மாட்டேன். ஒனக்கு எப்ப தெம்பு வருதோ அப்ப சொல்லு."

எனக்குத் தெம்பு வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தது. காலாண்டுப் பரீட்சை வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஆராதனை முடிந்ததும் நான் பக்கவாட்டுக் கதவு வழியாகப் போய்விடுவேன். அவர் உடம்பு சரியில்லாமல் படுத்திருக்கிறார் என்று தெரிந்த பிறகும் போய்ப் பார்க்கவில்லை. அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் கேட்டிருக்க மாட்டார். அதுவும் எனக்குத் தெரிந்துதான் இருந்தது.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது இன்னொன்று தெரிந்துகொண்டேன். அக்காவின் அம்மா ராகேல் அத்தை பெட்டியருகே உட்கார்ந்து, அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, "கர்த்தாவே, இந்தக் கைய மன்னிச்சுடுப்பா, தெரியாம செஞ்சுடுச்சு, மன்னிச்சுடுப்பா" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முதலில் புரியவில்லை. பின்னால் நின்ற ஒரு பெண் மற்றொருவரிடம் மெதுவாகச் சொன்னார். "மக விக்கிரகம் செஞ்சா இல்ல, அதுக்குத்தான் இப்படி ஆயிடுச்சுன்னு அந்த அம்மா மனசுல பட்டுப்போச்சு. யாரு சொன்னாலும் கேக்கல."

அப்பாவும் அதைக் கேட்டார். தலையைக் குனிந்துகொண்டார். நானும் குனிந்துகொண்டேன்.

நாளை ஆராதனைக்குப் பிறகு அக்காவின் நினைவுக் கூட்டம். கைவேலை வகுப்பில் அவருக்கு உதவியாக இருந்தவள் என்பதால் என்னைப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். "நல்லதை மட்டும் சொல்லு பாப்பா. அந்தக் கதையெல்லாம் வேணாம்" என்று அப்பா சொன்னார். அவர் சொன்ன மாதிரி ஒன்றை எழுதிக் காட்டினேன். தாழ்மை, ஊழியம், புன்னகை என்று எல்லாம் அதில் இருந்தது. படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். அவர் தூங்கிய பிறகு சமையலறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவர் இருமும் சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது. நம் சபையில் ஒருவரைப் பற்றி எழுந்து நின்று பேசுவதைச் சாட்சி சொல்வது என்கிறோம். சபைக்கு வெளியே அந்த வார்த்தைக்கு இன்னோர் அர்த்தம் உண்டு. நடந்ததைப் பார்த்தவர் சொல்ல வேண்டும். பார்த்தவள் நான்.

நாளை நான் வாசிக்கப்போவது இதைத்தான். அப்பா முன்வரிசையில் இருப்பார். வீட்டுக்குப் போனபின் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். இவ்வளவு காலம் கழித்துச் சொல்வதால் நான் நல்லவளாகிவிடவும் மாட்டேன். அக்கா உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டியது இது.

பிள்ளைகள் மறுபடியும் மே மாதத்தில் வருவார்கள். செல்வியும் வருவாள். என்னை வகுப்பில் விடுவார்களா என்று தெரியாது. விட்டால், பிள்ளையின் கைக்குமேல் என் கையை வைக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பழகுவேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொள்ள உரிமையுள்ளது அது ஒன்றுதான். அவர் தன்மேல் ஏற்றுக்கொண்ட என் தவறை வைத்துக்கொள்ள எனக்கு உரிமையில்லை.

ராகேல் அத்தை, அந்தக் குடையைச் செய்தது நான். உங்கள் மகள் அதைத் தொடக்கூட இல்லை. அவர் கைக்காக நீங்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம்.