மேற்கே வாவி எல்லை

நீலக் கோடு போட்ட படிவம் அது. அடியில், குடும்பத் தலைவர் என்ற இடத்துக்கு நேரே என் கையெழுத்து. போர் முடிந்த பிறகு வந்த மாரிக்குச் சற்று முன்பு, படித்தே பாராமல் வைத்தேன். நிவாரணத்துக்கு ஒன்று, பதிவுக்கு ஒன்று, காணாமற் போனவரைத் தேட ஒன்று என்று கையெழுத்திட்டே கைகள் பழகிப்போயிருந்த காலம். முத்திரை குத்திய தாளை நீட்டினால் எதற்கென்று கேளாமல் வாங்குவதுதான் பாதுகாப்பு என்று யுத்தம் எங்களைப் பழக்கியிருந்தது. தெருவின் ஆண்கள் எல்லோருமே வைத்தோம். பக்கத்து வளவில் ஆண்துணை இல்லாமல் இருந்த மச்சாளின் வீட்டுக்கும் சேர்த்து நானே வைத்தேன். பல்கலைக்கழக விளையாட்டரங்குக்கு நாங்கள் கொடுத்த சம்மதம் அது என்று, வளவுகளுக்குள் நில அளவையின் வெள்ளைக் கட்டைகள் முளைத்த பிறகுதான் தெரிந்தது.

மச்சாள் என் மனைவியின் அக்கா. கடலோரத்தில் மூத்த மகளுக்கென்று ஒரு வீடு கட்டியிருந்தார். கடல் வீட்டையும் மகளையும் ஒரே காலையில் கொண்டுபோயிற்று. அதன்பிறகு வாவிக்கரையில், தாய்வழி வந்த இந்த வளவில், இளைய மகளுக்காக மறுபடி தொடங்கினார். கல் சுமந்தார், மண் குழைத்தார், அழுததை நான் காணவில்லை. விளையாட்டரங்கின் வரைபடத்தில் ஓடுபாதை வளைந்து போன இடம் எங்கள் தோணா. மாரி வெள்ளம் முற்றங்களைக் கடந்து வாவிக்கு இறங்க இருக்கும் ஒரே வாய்க்கால். அதை மண் கொட்டி மேடாக்கினால் வெள்ளம் கிறுகித் திரும்பி வீட்டுக்குள் வரும். ஒருமுறை தண்ணீருக்கு வீட்டைக் கொடுத்தவருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

"என்ட வீட்டுக்கும் நீங்களா மச்சான் தலைவர்?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பதில் நான் ஏச்சு வாங்கியிருக்கலாம்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை உடுபுடவைப் பையோடு வந்து சேர்கிறவன். கிரானில் என் தாய்வீடு தங்கைக்குப் போயிற்று. நான் இங்கே வந்தேன். இத்தனையும் தெரிந்த நாங்கள், அடுத்தவள் வீட்டுக்குத் தலைவராகிக் கையெழுத்திட்டிருந்தோம்.

பாடசாலை மண்டபத்தில் கூட்டம். திட்ட அதிகாரி படிவக் கட்டைத் தூக்கிக் காட்டினார். "எல்லாக் குடும்பத் தலைவர்களும் சம்மதிச்சிருக்காங்க அம்மா."

மச்சாள் எழுந்தார். "அவங்க எங்கட மாப்பிள்ளைமார். இஞ்ச அவங்களுக்குச் சொந்தம் ஒரு பாயும் தலகாணியும்தான். வேணுமெண்டா அதில கட்டுங்க உங்கட மைதானத்த."

"அந்தப் பாயும் எங்கம்மா வாங்கினதுகா!" பின்வரிசையிலிருந்து ஒரு பெண்ணின் குரல். மண்டபம் குலுங்கிச் சிரித்தது. கூட்டங்களில் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதையே அந்த வருடங்களில் நாங்கள் மறந்துபோயிருந்தோம்.

அதிகாரி சிரிக்கவில்லை. "அப்ப உங்கட உறுதியக் காட்டுங்க."

 மச்சாளின் காணி உறுதிப் பத்திரம் கடலோர வீட்டுப் பெட்டிக்குள் இருந்தது. பெட்டி போன இடம் எல்லோருக்கும் தெரியும். வீடு கைவிட்டுப் போவதை நான் பார்த்தேன்.

அப்போது வடக்கு வளவுக்காரி எழுந்தாள். பொலித்தீன் பையிலிருந்து தன் உறுதியை எடுத்து, எழுத்துக்கூட்டி வாசித்தாள். தெற்கெல்லை என்ற இடத்தில் மச்சாளின் பெயர் இருந்தது. கிழக்கு வளவுக்காரி தன்னுடையதை விரித்தாள். அவளுக்கு மேற்கெல்லை மச்சாள். கடைசியாக என் மனைவி. அவளுக்கு வடக்கெல்லை அக்காவின் வளவு. ஒருத்தியின் காணி மூன்று பெண்களின் தாள்களில் பத்திரமாக இருந்தது.

"மேற்கில ஆர்?" என்றார் அதிகாரி.

"மேற்கில வாவி," என்றார் மச்சாள். "அதிட்டயும் கேக்கிறதெண்டா மாரியில வாங்க. கூப்பிடத் தேவையில்ல, அதுவே வந்து சொல்லும்."

ஆராய்ந்து அறிவிப்பதாகச் சொல்லி அதிகாரி வரைபடத்தைச் சுருட்டினார். மச்சாள் அறிவிப்புக்குக் காத்திருக்கவில்லை. மறுநாள் விடியவே மேசனைக் கூட்டி வந்து, வெள்ளைக் கட்டையைப் பிடுங்கி, அதே குழியிலிருந்து மகளின் மூன்றாவது அறைக்கு நூல் பிடித்தார். அத்திவாரக் கல்லை நான் சுமந்தேன். எவரும் கேட்டு நான் சுமக்கவில்லை.

அறிவிப்பு வரவேயில்லை. மச்சாளும் இப்போது இல்லை. ஆனால் விளையாட்டரங்கு சாகவில்லை. போன கிழமை புதிய வரைபடத்தோடு இரண்டு பேர் வந்தார்கள். தோணாவில் முழங்கால் தண்ணீர் வாவியை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. அக்கரையில் நின்றபடியே, "வீட்டுக்காரர் இருக்காரா?" என்று கேட்டார்கள்.

மச்சாளின் மகள் இடுப்பில் பிள்ளையோடு வாசலுக்கு வந்தாள்.

"வீட்டுக்காரி நான்தான். சப்பாத்தக் கழட்டிட்டு, இந்தத் தண்ணிக்குள்ளால நடந்து வாங்க. மறுகா கதைப்பம்."